எச்.பி.வி டெஸ்ட்: லேப்புக்குள்ள என்ன நடக்குது? மலையகத்து அக்கா தங்கச்சிமார் கேக்குற கேள்விகள்

கிளினிக்ல பெப் டெஸ்ட் எடுத்துட்டு வர்றவங்களும் கேக்குறாங்க, கொழும்புல வேலை செய்யிற மக தனியார் லேப்ல எச்.பி.வி டெஸ்ட் எடுத்து போன்ல அனுப்பின ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு அம்மாமாரும் கேக்குறாங்க. எச்.பி.விங்குறது கர்ப்பப்பை கழுத்து கேன்சருக்கு காரணமாகுற வைரஸ், இந்த ரெண்டு டெஸ்ட்டும் அந்த கேன்சர் வர முன்னயே கண்டுபிடிக்கிறதுக்குத்தான். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே கேள்விங்கதான், அதனால ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நான் லேப் வேலை செய்றவ, டொக்டர் இல்ல, மருந்து மாத்திரை பத்தி பேச மாட்டேன். ஆனா உங்க சாம்பிள் போட்ட அந்த சின்ன போத்தல் லேப் கதவுக்குள்ள போனப்புறம் அதுக்கு என்ன செய்றாங்கன்னு சொல்ல முடியும். அது வெளங்கிட்டா ரிப்போர்ட்ல எந்த எடத்துக்கு பதறணும், எந்த எடத்துக்கு பதற தேவையில்லன்னு ஓரளவு உங்களுக்கே புரியும். எந்த டெஸ்ட் பத்தி யார் சொன்னாலும் ஒரே ஒரு கேள்விய மனசுல வச்சிக்கிங்க: இந்த டெஸ்ட் எதை பாக்குது, செல்லையா, வைரஸையா, இல்ல அந்த வைரஸ் உள்ள செய்யிற வேலையையா?

எச்.பி.வி இருக்குன்னா கேன்சர் இருக்குன்னு அர்த்தமா?

இல்ல. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு பாத்த உடனே அழுதுகிட்டே வர்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன். எச்.பி.வி ஒரு வைரஸ் குடும்பம், அதுல 200க்கு மேல வகை இருக்கு, ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். கல்யாணம் கட்டி குடும்பம் நடத்துற பெரும்பாலான ஆளுங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது ஏதாவது ஒரு வகை தொத்திட்டு போகும், பத்துல ஒம்பது பேருக்கு ஒடம்பே அத ரெண்டு வருஷத்துக்குள்ள அடக்கிடும், அவங்களுக்கு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மீதி கொஞ்ச பேருக்கு ஆபத்தான வகை ஒன்னு வருஷக்கணக்கா போகாம தங்கிடும், அப்பிடி தங்குறதுதான் பிரச்சினை. தங்கினாலும் கர்ப்பப்பை கழுத்துல கேன்சரா மாற சாதாரணமா 15, 20 வருஷம் எடுக்கும். அந்த இடைவெளியில கண்டுபிடிச்சா அந்த எடத்த மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்து கேன்சரே வராம செய்யலாம், அதுக்குத்தான் இவ்வளவு டெஸ்ட்டும்.

கேன்சருக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?

ஜெர்மனியில ஹரால்ட் சுர் ஹவுசன்னு ஒரு விஞ்ஞானி. அந்த காலத்துல எல்லாரும் வேற வைரஸ் மேல சந்தேகப்பட்டுகிட்டு இருந்தப்ப இவரு பிடிவாதமா எச்.பி.விதான்னு தேடினாரு, அவரோட குழு 1983ல 16ம் நம்பர் வகையையும் 1984ல 18ம் நம்பர் வகையையும் கேன்சர் கட்டிக்குள்ள இருந்து கண்டுபிடிச்சாங்க. 2008ல நோபல் பரிசு கெடச்சிச்சி. கர்ப்பப்பை கழுத்து கேன்சர்ல 100க்கு 70 இந்த ரெண்டு நம்பராலதான் வருது, அதனாலதான் இன்னைக்கும் ரிப்போர்ட்ல இந்த ரெண்டையும் தனியா எழுதுறாங்க.

பெப் டெஸ்ட்டும் எச்.பி.வி டெஸ்ட்டும் ஒன்னுதானே?

எடுக்குற விதம் ஒரே மாதிரி இருக்கும், அதான் குழம்புது. வழக்கமா ரெண்டுக்கும் கிளினிக் மிஸ் ஒரு கருவிய வச்சி கர்ப்பப்பை கழுத்துல இருந்து செல்ல சுரண்டித்தான் எடுப்பாங்க. ஆனா பெப் டெஸ்ட் பாக்குறது செல்லோட உருவத்த, எச்.பி.வி டெஸ்ட் தேடுறது வைரஸோட டிஎன்ஏவ. தேயில மலையில கொப்புள நோய் வருதில்ல, எலையில கொப்புளம் தெரிஞ்சப்புறம் கண்ணால பாத்து சொல்றது பெப் டெஸ்ட் மாதிரி, கொப்புளம் வர்றதுக்கு முன்னயே எலையில பூஞ்சணம் ஒட்டியிருக்கான்னு தேடுறது எச்.பி.வி டெஸ்ட் மாதிரி. அதனால ஒருத்தருக்கு பெப் நோர்மல்னு வந்து எச்.பி.வி பாசிட்டிவ்னு வரலாம், ரெண்டு ரிப்போர்ட்டும் சரிதான், லேப் பிழை விட்டுட்டாங்கன்னு நெனைக்காதீங்க.

பெப் டெஸ்ட்ட லேப்ல எப்பிடி பாக்குறாங்க?

கிரீஸ்ல பொறந்து அமெரிக்காவுல வேலை செஞ்ச ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவுங்குற டொக்டரோட பேருதான் அந்த பெப். 1940கள்ல இருந்து இருக்குற முறை, இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது. சுரண்டி எடுத்தத ஒரு கண்ணாடி ஸ்லைட்ல தேச்சி உடனே அல்கஹோல்ல போடணும், இந்த "உடனே"ங்கறது ரொம்ப முக்கியம், காத்துல காஞ்சிட்டா செல்லெல்லாம் வீங்கி உருவம் கெட்டுடும், அப்புறம் எவ்வளவு கெட்டிக்கார ஆள் பாத்தாலும் ஒன்னும் சொல்ல முடியாது. லேப்ல அதுக்கு சாயம் ஏத்துவாங்க, செல்லோட நடு நியூக்ளியஸ் நீலமா, சுத்தி இருக்குற பகுதி பச்சை, ரோஸ், ஒரேஞ்சுன்னு வரும். அதுக்கப்புறம் பயிற்சி எடுத்த ஆள் மைக்ரஸ்கோப்ல அந்த ஸ்லைட்ட ஒரு மூலையில இருந்து மறு மூலை வரைக்கும் பாக்கணும், ஆயிரக்கணக்கான செல், அதுல பிழையானது நாலஞ்சுதான் இருக்கும். நியூக்ளியஸ் பெருசா கறுப்பா முறுகி இருக்கான்னு பாப்பாங்க. எச்.பி.வி பூந்த செல்லுக்கு ஒரு அடையாளம் உண்டு, நியூக்ளியஸ சுத்தி வெளிச்சமா ஒரு வெத்து வட்டம் தெரியும், அதுக்கு கொய்லோசைட்னு பேரு. அத பாத்தா வைரஸ் வேலை செய்யுதுன்னு தெரியும், எந்த நம்பர் வைரஸ்னு தெரியாது.

இப்ப சில எடத்துல ஸ்லைட்ல தேய்க்காம பிரஷ்ஷ நேரா திரவம் உள்ள போத்தல்ல கழுவி விடுறாங்க. ரத்தம், சளி எல்லாம் லேப்ல வடிகட்டிட்டு செல்ல மட்டும் ஒரே படையா ஸ்லைட்ல வைக்கலாம். அந்த முறையில பெரிய நன்மை, மிச்சமிருக்குற திரவத்துல இருந்தே எச்.பி.வி டெஸ்ட்டும் செய்யலாம், இன்னொரு தடவ வர சொல்ல தேவையில்ல. ஹட்டனுக்கு ஒரு தடவ வந்து போறதே ஒரு நாள் பேர், அதாவது அன்னைக்கு சம்பளம், இல்லாம போற விஷயம், அதனால இத நான் சின்ன நன்மைன்னு சொல்ல மாட்டேன்.

அப்ப பெப் டெஸ்ட்ல ஏன் சில நேரம் தப்பிடுது?

மனுசக் கண்ண நம்பி இருக்குறதால. சுரண்டும்போது பிழையான செல் வராம போகலாம், வந்தாலும் ஸ்லைட்ல ரத்தத்துக்கு அடியில மறைஞ்சிருக்கலாம், பாக்குறவங்க களைச்சிருக்கலாம். ஒரே ஒரு தடவ எடுத்தா கேன்சருக்கு முந்துன நெலையில கணிசமான பங்கு தப்பிடும்னு உலகம் முழுக்க ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. திரும்ப திரும்ப எடுக்குற நாடுகள்ல அடுத்த தடவ பிடிச்சிடுவாங்க, வாழ்க்கையில ஒன்னோ ரெண்டோ தடவதான் எடுக்குறோம்னா அந்த வாய்ப்பும் இல்ல. எச்.பி.வி டிஎன்ஏ டெஸ்ட் அந்த மாதிரி நெலைய 90 வீதத்துக்கு மேல பிடிக்கும், அதனாலதான் உலக சுகாதார அமைப்பு 2021ல குடுத்த வழிகாட்டலுல 30 வயசுல இருந்து டிஎன்ஏ டெஸ்ட்டையே முதல் டெஸ்ட்டா 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருக்கா செய்ய சொல்லிட்டாங்க. எச்.ஐ.வி உள்ளவங்களுக்கு 25 வயசுல இருந்து, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருக்கா.

ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பாத்தா போதாதா?

போதாது. இந்த வைரஸ் ரத்தத்துல ஓடாது, தோல் மேல்படையிலயும் உள் சவ்வுலயும் மட்டும்தான் இருக்கும், ஒடம்புக்கு பெருசா செய்தியே போகாது. அதனால தொத்தின ஆளுங்கள்ல நெறைய பேருக்கு ரத்தத்துல எதிர்ப்பு சக்தி அடையாளமே உண்டாகுறதில்ல, உண்டானாலும் இப்ப இருக்கா பழசான்னு பிரிச்சி சொல்ல முடியாது. தடுப்பூசி ஆராய்ச்சிக்கு ரத்தத்துல பாப்பாங்க, உங்களுக்கு நோய் இருக்கான்னு சொல்றதுக்கு அது உதவாது. யாராவது ரத்த டெஸ்ட்லயே கர்ப்பப்பை எச்.பி.வி சொல்லிடலாம்னு காசு கேட்டா குடுக்காதீங்க.

சளி மாதிரி, சிறுநீர் மாதிரி லேப்ல வளர்த்து பாக்க முடியாதா?

முடியாது. இந்த வைரஸ் தோல் அடுக்கடுக்கா முதிர்ந்து மேல வரும்போதுதான் கூடவே சேந்து பெருகும், சாதாரண லேப் தட்டுல வளராது. அதனாலதான் அதோட டிஎன்ஏவ தேடுற வழிய கண்டுபிடிக்க வேண்டி வந்துச்சி.

அந்த டிஎன்ஏ டெஸ்ட்ட எப்பிடி செய்றாங்க? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

இதுதான் எனக்கு பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா போகும். எச்.பி.வியோட டிஎன்ஏ வட்டமா ஒரு வளையம் மாதிரி, சுமார் 8000 எழுத்து, ரொம்ப சின்னது. அதுல எல்1னு ஒரு பகுதி வைரஸோட வெளி ஓட்ட செய்யிறது, ஈ6, ஈ7னு ரெண்டு பகுதி நம்ம செல்லோட கட்டுப்பாட்ட கெடுக்குறது, நம்ம செல்லுக்குள்ள பி53, ஆர்பின்னு ரெண்டு காவல் புரதம் இருக்கு, ஈ6 முதலாவத அழிக்கும், ஈ7 ரெண்டாவத முடக்கும், அதுக்கப்புறம் செல் கணக்கில்லாம பெருக தொடங்கும். ஒவ்வொரு கம்பனி டெஸ்ட்டும் இந்த மாதிரி ஒரு பகுதிய பிடிச்சிக்கிட்டுதான் தேடுது.

ரொம்ப நாள் உலகம் முழுக்க ஓடின ஒரு முறை ஹைபிரிட் கெப்சர் 2. அதுல டிஎன்ஏவ பெருக்குறதில்ல. சாம்பிள்ல காரம் போட்டு டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் பிரிப்பாங்க, 13 ஆபத்தான வகைக்கும் பொருந்துற ஆர்என்ஏ (டிஎன்ஏ மாதிரியான ஒரு இழை) துண்டுகள விடுவாங்க, வைரஸ் இருந்தா அந்த துண்டு போய் டிஎன்ஏவோட ஜோடி சேரும். அந்த கலப்பு ஜோடிய மட்டும் பிடிக்கிற ஒரு எதிர்ப்பு புரதம் கிண்ணத்தோட அடியில ஒட்டியிருக்கும், அது பிடிச்சதும் மேல ஒரு என்சைம் சேத்து ஒளி வர வைப்பாங்க, எவ்வளவு ஒளின்னு மெஷின் அளந்து சொல்லும். நல்ல முறைதான், ஆனா எது எந்த நம்பர்னு சொல்லாது, 13ல ஏதோ ஒன்னு இருக்குன்னு மட்டும் சொல்லும். இன்னொரு குறை, போத்தல்ல செல்லே இல்லாட்டியும் நெகட்டிவ்னுதான் காட்டும்.

இப்ப கூடுதலா செய்யிறது பிசிஆர். கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே பிசிஆர்தான், தேடுற ஆள்தான் வேற. சாம்பிள சுமார் 95 டிகிரிக்கு சூடாக்கினா டிஎன்ஏ இழை ரெண்டா பிரியும், ஆற விட்டா நாம போட்ட ப்ரைமர்ங்குற சின்ன துண்டு, வைரஸ் எழுத்து இருந்தா மட்டும் அதுல போய் ஒட்டும், அப்புறம் ஒரு என்சைம் அந்த எடத்துல இருந்து புது இழைய கட்டும். ஒரு சுத்துக்கு ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், 30 சுத்து முடியும்போது ஒரு துண்டு 100 கோடிக்கு மேல வந்திடும். கூடவே ஒளிர்ற ஒரு அடையாளமும் போடுறதால மெஷின் ஒவ்வொரு சுத்துலயும் வெளிச்சத்த பாத்துகிட்டே இருக்கும், எத்தனாவது சுத்துல வெளிச்சம் கோட்ட தாண்டுதுன்னு கணக்கெடுக்கும். சீக்கிரம் தாண்டினா வைரஸ் நெறைய, பிந்தி தாண்டினா கொஞ்சம். கோபாஸ்னு சொல்ற மெஷின்ல 16 ஒரு நிறத்துல, 18 ஒரு நிறத்துல, மத்த 12 ஆபத்தான வகை எல்லாம் சேத்து ஒரு நிறத்துல வரும், நாலாவது நிறம் நம்ம சொந்த செல்லோட ஜீன் ஒன்னுக்கு. இலங்கையில களுத்துறை மாவட்டத்துல இந்த மெஷின வச்சி பெரிய அளவுல செஞ்சி பாத்திருக்காங்க.

ஜீன் எக்ஸ்பர்ட்ங்குற சின்ன மெஷினையும் சொல்லணும், காச நோய் பாக்குறதுக்கு ஏற்கனவே தெரிஞ்ச மெஷின். கார்ட்ரிட்ஜ்ல சாம்பிள ஊத்தி உள்ள தள்ளினா ஒரு மணித்தியாலத்துல எச்.பி.வி ரிசல்ட் வரும், அதுல 16 தனியா, 18ம் 45ம் சேத்து ஒன்னா, மத்ததெல்லாம் இன்னும் மூனு கூட்டமா காட்டும். நம்ம மாதிரி மல ஏறி எறங்குற எடத்துக்கு இது ரொம்ப பொருத்தம்னு நான் நெனைக்கிறேன், காலையில சாம்பிள் குடுத்துட்டு மத்தியானம் விஷயத்த கேட்டுட்டு போகலாம், பொகவந்தலாவையில இருந்து வந்த ஆள மறுபடி தேடி பிடிக்கிற வேலை இல்ல.

டிஎன்ஏவ இவ்வளவு பெருக்குறாங்களே, பக்கத்து சாம்பிள்ல இருந்து கலந்து பிழையா பாசிட்டிவ் வராதா?

நல்ல கேள்வி, லேப்ல நாங்க ரொம்ப பயப்படுறதும் இதுக்குத்தான். அதனாலதான் மருந்து கலக்குற அறை, சாம்பிள் தெறக்குற அறை, பெருக்கினதுக்கு அப்புறம் கையாள்ற அறை எல்லாம் தனித்தனியா இருக்கும், ஒரு அறையில போட்ட வெள்ள கோட்டோட அடுத்த அறைக்கு போகக்கூடாது. ஒவ்வொரு ரவுண்டுலயும் நிச்சயமா பாசிட்டிவ்னு தெரிஞ்ச ஒரு சாம்பிளும் நிச்சயமா நெகட்டிவ்னு தெரிஞ்ச ஒன்னும் கூடவே ஓடும், அதுல ஒன்னு மாறி வந்தா அந்த ரவுண்டு முழுசையும் தூக்கி போட்டுட்டு மறுபடி செய்யணும். அன்னைக்கு ரிப்போர்ட் பிந்தினா கோவிச்சிக்காதீங்க, பிழையான ரிப்போர்ட் சீக்கிரம் வர்றத விட அது நல்லது.

ரிப்போர்ட்ல "இன்வேலிட்"னு வந்திருக்கு, அப்பிடின்னா?

பாசிட்டிவும் இல்ல நெகட்டிவும் இல்ல, டெஸ்ட் வேலை செய்யல. நாலாவது நிறம் நம்ம சொந்த ஜீனுக்குன்னு சொன்னேன்ல, அது வரலன்னா போத்தல்ல செல் போதல, இல்லாட்டி ரத்தமோ க்ரீமோ கூடிப்போய் பிசிஆர தடுத்திருக்கு. மறுபடி எடுக்கணும், அவ்வளவுதான்.

16 நெகட்டிவ், 18 நெகட்டிவ், "அதர் ஹை ரிஸ்க்" பாசிட்டிவ்னு போட்டிருக்கு. இது நல்லதா கெட்டதா?

மத்த ஆபத்தான வகைங்க, 31, 33, 45, 52, 58 அந்த மாதிரி, அதுல ஒன்னோ ரெண்டோ இருக்குன்னு அர்த்தம். 16 அளவுக்கு வேகமில்ல, ஆனா தள்ளி வைக்கவும் கூடாது. சாதாரணமா 16, 18 பாசிட்டிவ்னா நேரா கொல்பொஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை கழுத்த பெருசாக்கி பாக்குற சோதனைக்கு, அனுப்புவாங்க, மத்தது பாசிட்டிவ்னா முதல்ல பெப் பாத்துட்டு அதுல மாத்தம் இருந்தா அனுப்புவாங்க, நோர்மலா இருந்தா ஒரு வருஷம் கழிச்சி திரும்ப பாப்பாங்க. எந்த வழின்னு உங்க கிளினிக் டொக்டர் சொல்லுவாங்க, அந்த ஒரு வருஷத்த மட்டும் மறந்துடாதீங்க.

மருவும் இந்த டெஸ்ட்ல தெரியுமா?

தெரியாது, தெரியவும் தேவையில்ல. கீழ வர்ற மரு பெரும்பாலும் 6, 11ம் நம்பர் வகையால வர்றது, அது கேன்சராகுற வகை இல்லங்குறதால இந்த டெஸ்ட்ல சேக்குறதே இல்ல. மருவ டொக்டர் கண்ணால பாத்தே சொல்லிடுவாங்க.

ஆர்என்ஏ டெஸ்ட்னு ஒன்னு இருக்காமே?

இருக்கு, அப்டிமான்னு ஒரு டெஸ்ட். வைரஸ் செல்லுக்குள்ள சும்மா கிடக்கும்போதும் டிஎன்ஏ இருக்கும், ஆனா ஈ6, ஈ7 வேலைய தொடங்கினாத்தான் அதுக்கான ஆர்என்ஏ உண்டாகும். அந்த ஆர்என்ஏவ தேடினா வைரஸ் வேலை செய்யிதான்னு தெரியும், சும்மா வந்து போற தொத்துங்கள கொஞ்சம் கொறச்சி காட்டும், நோயிருக்குறவங்கள பிடிக்கிறதுல டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு கிட்டத்தட்ட சமம். ஆனா ஆர்என்ஏ டிஎன்ஏ மாதிரி உறுதி இல்ல, சாம்பிள சரியான திரவத்துல வைக்கலன்னா சிதைஞ்சிடும்.

ரொம்ப நுணுக்கமா, ஒரே ஒரு வைரஸ் இருந்தாலும் பிடிக்கிற டெஸ்ட்தானே நல்லது?

கேக்க அப்பிடித்தான் இருக்கும், ஆனா இல்ல. இத கொஞ்சம் கவனமா கேளுங்க, படிச்சவங்களும் இதுல குழம்புறாங்க. நமக்கு தேவை வைரஸ் இருக்கான்னு தெரியிறது மட்டும் இல்ல, கேன்சருக்கு முந்துன நெலை இருக்கா, வரப்போகுதான்னு தெரியிறதுதான். ரொம்ப கொஞ்சமா வைரஸ் இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல. அவங்க எல்லாரையும் பாசிட்டிவ்னு சொல்லிட்டா எத்தன பேரு வீணா பயந்து, வேலைய விட்டுட்டு, நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் அலைவாங்க, அந்த வரிசையில உண்மையிலயே நோய் உள்ளவங்க பின்னுக்கு தள்ளுப்பட்டு போயிடுவாங்க. அதனால டெஸ்ட் செய்யிற கம்பனி ஒரு கோடு போட்டிருக்கும், அதுக்கு கீழ இருந்தா நெகட்டிவ்னுதான் எழுதணும். ஹைபிரிட் கெப்சர்ல அந்த கோடு ஒரு டெஸ்ட்டுக்கு சுமார் 5000 வைரஸ் டிஎன்ஏ. ஆராய்ச்சிக்கு செய்யிற சில பிசிஆர் இதவிட எவ்வளவோ கொறைவா இருந்தாலும் பிடிக்கும், அது ஆராய்ச்சிக்கு நல்லது, கிளினிக்குக்கு சரிப்படாது. தனியார் லேப்ல எடுக்கிறீங்கன்னா இது ஸ்கிரீனிங்குக்கு (நோய் குறி இல்லாதவங்கள முன்கூட்டியே பாக்குறதுக்கு) அங்கீகாரம் கெடச்ச டெஸ்ட்டான்னு கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.

30 வயசுக்கு கீழ இந்த டெஸ்ட்ட பொதுவா செய்யாததும் இதே காரணத்துக்குத்தான். அந்த வயசுல தொத்து நெறைய, கேன்சர் கொறைவு.

எனக்கு பாசிட்டிவ். வீட்டுக்காரரு வேற எங்கயோ போயிருக்காருன்னு அர்த்தமா? இல்ல அவரு என்னைய சந்தேகப்படுவாரா?

இந்த கேள்விய வெளிய சத்தமா யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாரும் போன பிறகு கதவுகிட்ட நின்னு கேப்பாங்க. பதில தெளிவா சொல்றேன்: இந்த டெஸ்ட் எப்ப தொத்துச்சின்னு சொல்லாது, யாருகிட்ட இருந்துன்னும் சொல்லாது, உலகத்துல எந்த லேப்பும் அத சொல்ல முடியாது. வைரஸ் ஒடம்புல வருஷக்கணக்கா அடங்கி இருந்துட்டு, எதிர்ப்பு சக்தி கொறையிற நேரத்துல திரும்ப தலைகாட்டலாம், கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு பேர்ல யாருக்கோ வந்தது 20 வருஷம் கழிச்சி இன்னைக்கு டெஸ்ட்ல தெரியலாம். ஒரே ஒருத்தரோட மட்டும் வாழ்ந்தவங்களுக்கும் வரும். அதனால இந்த ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு லயத்துல சண்டை போடாதீங்க, யாரையும் குத்தம் சொல்லாதீங்க, பொம்பளைங்க ரிப்போர்ட்ட சேலைக்குள்ள ஒளிச்சி வச்சிட்டு அடுத்த கிளினிக்குக்கு போகாம விடுறது இந்த பயத்தாலதான். வீட்டுக்காரருக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியலன்னா உங்க மிட்வைஃப் மிஸ்கிட்ட கேளுங்க, அவரையும் கூட்டிட்டு போனா எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டர் ரெண்டு பேருக்கும் சேத்து விளக்கம் குடுப்பாரு.

ஆம்பளைங்களுக்கு டெஸ்ட் இல்லையா?

ஸ்கிரீனிங்குக்குன்னு அங்கீகாரம் கெடச்ச டெஸ்ட் இல்ல. ஆம்பளைங்க தோல்ல இருந்து சரியா சாம்பிள் எடுக்குறதும் கஷ்டம், எடுத்து பாசிட்டிவ்னு வந்தாலும் வைரஸ கொல்ல மருந்து இல்ல. மரு, புண்ணு ஏதாவது இருந்தா டொக்டர்கிட்ட காட்டணும்.

வெத்தல போடுறவங்களுக்கு வர்ற வாய் கேன்சரும் இந்த வைரஸாலயா?

நம்ம தோட்டங்கள்ல வர்ற வாய் கேன்சருக்கு முக்கிய காரணம் வெத்தலையோட சேர்ற பாக்கும் பொயிலையும்தான், வைரஸ் மேல பழிய போட்டுட்டு பொயிலைய மெல்லாதீங்க. எச்.பி.வியால வர்றது கூடுதலா தொண்டைக்கு பின்பக்கம், அடிநாக்கு, டொன்சில் பக்கம். அதுக்கு கட்டியில இருந்து சின்ன துண்டு எடுத்து பி16னு ஒரு சாயம் போட்டு பாப்பாங்க.

அது என்ன பி16 சாயம்? 16ம் நம்பர் வைரஸா?

ரெண்டும் வேற. பி16ங்கறது நம்ம சொந்த செல் புரதம். ஈ7 வந்து ஆர்பிய முடக்கிட்டா செல்லுக்குள்ள பி16 அளவுக்கு மீறி கூடிடும், அந்த துண்டுல சாயம் போட்டா அடர்த்தியா மண் நிறத்துல தெரியும். கர்ப்பப்பை கழுத்துல பயாப்சி, அதாவது சின்ன துண்டு, எடுத்து பாக்கும்போது, இது சும்மா புண்ணு ஆறுறதா இல்ல வைரஸ் கெடுத்ததான்னு சந்தேகம் வந்தா இந்த சாயம் ரொம்ப உதவும். பெப் ஸ்லைட்லயே பி16ஓட கேஐ67னு இன்னொன்னையும் சேத்து போடுற முறையும் இருக்கு, ஒன்னு செல்ல நிறுத்த பாக்குறது, இன்னொன்னு செல் பெருகுதுன்னு காட்டுறது, ஒழுங்கான செல்லுல ரெண்டும் ஒன்னா வராது, ஒரே செல்லுல ரெண்டு நிறமும் வந்தா அந்த செல் கட்டுப்பாட்ட இழந்துடுச்சின்னு அர்த்தம்.

வினாகிரி போட்டு பாக்குறாங்களே, அது?

3 முதல் 5 வீத அசற்றிக் அமிலம், கர்ப்பப்பை கழுத்துல தடவினா கெட்டுப்போன எடம் ஒரு நிமிஷத்துல வெள்ளையா தெரியும். லேப் வசதி கொறஞ்ச நாடுகள்ல இதையே டெஸ்ட்டா வச்சிருக்காங்க. கொல்பொஸ்கோப்பியிலயும் இததான் தடவிட்டு பெருசாக்கி பாத்து, வெள்ளையான எடத்துல இருந்து பயாப்சி எடுப்பாங்க.

எனக்கு வெக்கமா இருக்கு. நானே சாம்பிள் எடுக்க முடியாதா?

முடியும், உலக சுகாதார அமைப்பும் ஒத்துக்கிட்ட வழி. ஒரு மெல்லிய பிரஷ்ஷையோ பஞ்சு குச்சியையோ நீங்களே மறைவா உள்ள விட்டு, சொன்ன மாதிரி சுத்திட்டு போத்தல்ல போடணும், கர்ப்பப்பை கழுத்த தொடணும்னு இல்ல. பிசிஆர் முறையில செஞ்சா டொக்டர் எடுத்த சாம்பிளுக்கு கிட்டத்தட்ட சமமா பிடிக்கும். பெப் டெஸ்ட்டுக்கு இது சரிவராது, அதுக்கு கர்ப்பப்பை கழுத்து செல்லே வேணும். புள்ள மடுவத்துல (தோட்டத்துல சின்ன புள்ளைங்கள பாத்துக்குற எடம்), மறைவான ஒரு அறையில, மிஸ் ஒருத்தங்க சொல்லிக்குடுத்து இத செய்ய முடிஞ்சா கிளினிக் பக்கமே வராத எத்தனையோ அக்காமார் டெஸ்ட் எடுத்துடுவாங்க. எனக்கு இது நடக்கணும்னு ரொம்ப ஆசை. உங்க மிஸ்கிட்ட இப்பிடி வசதி இருக்கான்னு கேளுங்க, கேக்குற ஆள் கூடினாத்தான் மேல போய் சேரும்.

மழ, மண்சரிவுன்னு ரோட்டு அடைச்சிட்டா சாம்பிள் கெட்டுடாதா?

அந்த திரவத்துல போட்ட சாம்பிள் சாதாரண அறை வெப்பத்துலயே வாரக்கணக்கா தாங்கும், ஐஸ் பெட்டி தேவையில்ல, டிஎன்ஏ ரொம்ப உறுதியானது. கெடுறது வேற விஷயத்தால, பேரு பிழையா எழுதுறது, மூடி ஒழுங்கா இறுக்காம ஒழுகுறது. நம்ம பக்கம் ஒரே தோட்டத்துல ஒரே பேருல மூனு நாலு பேரு இருப்பாங்க, அதனால போத்தல்ல உங்க முழுப்பேரும் அடையாள அட்டை நம்பரும் சரியா இருக்கான்னு நீங்களே ஒரு தடவ பாத்துட்டு எழும்புங்க.

டெஸ்ட்டுக்கு போறதுக்கு முன்ன என்ன செய்யணும்?

மாதவிடாய் நாள்ல போகாதீங்க. ரெண்டு நாளைக்கு முன்ன இருந்து உள்ள வைக்கிற மாத்திரை, க்ரீம் வேணாம், உள்பக்கம் கழுவ வேணாம், வீட்டுக்காரரோட சேர வேணாம். சாப்பிட்டுட்டே போகலாம்.

எங்க போறது, எவ்வளவு காசு?

அரசாங்க கிளினிக்ல இலவசம். 1996ல இருந்து நடக்குற வெல் வுமன் கிளினிக், சுவநாரி கிளினிக்னும் சொல்லுவாங்க, ஒவ்வொரு எம்.ஓ.எச் பிரிவுலயும் இருக்கு, அம்பகமுவ, மஸ்கெலியா, லிந்துலை எல்லா பக்கமும். 35 வயசும் 45 வயசும் முக்கியமா கூப்பிடுற வயசு, ஆனா 35 தாண்டினவங்க யாரும் போகலாம். எந்த நாள் எந்த எடம்னு உங்க தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸுக்கு தெரியும். பிரஷர், சீனி, மார்பு எல்லாம் அதே நாள்ல பாத்துடுவாங்க.

மகளுக்கு ஸ்கூல்ல ஊசி போட்டாச்சி. அவளுக்கும் பின்னாடி டெஸ்ட் வேணுமா?

வேணும். 2017ல இருந்து ஆறாம் வகுப்பு பொம்பளப் புள்ளைங்களுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடுறாங்க, தொடங்கினப்ப ரெண்டு ஊசி ஆறு மாச இடைவெளியில, 16, 18 ரெண்டுக்கும் நல்ல பாதுகாப்பு. ஆனா மத்த ஆபத்தான வகை எல்லாத்தையும் அது தடுக்காது, அதனால வயசு வந்ததும் டெஸ்ட் எடுக்கணும். ஊசியில வைரஸோட வெளி ஓட்டு புரதம் மட்டும்தான் இருக்கு, டிஎன்ஏ இல்ல, அதனால ஊசி போட்டதால டெஸ்ட் பாசிட்டிவ் ஆகாது, நோயும் வராது.

ரிப்போர்ட் வரவே இல்லன்னா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனைக்கலாமா?

நெனைக்க கூடாது, கூடவே கூடாது. நான் இவ்வளவு நேரம் சொன்ன மெஷின், சாயம், பிசிஆர் எல்லாம் அந்த தாள் உங்க கைக்கு வந்து, அடுத்து என்னன்னு ஒருத்தர் சொல்லி, நீங்க அங்க போனாத்தான் பிரயோசனம். தோட்டம் மாறி போறவங்க, கொழும்புக்கு வேலைக்கு போறவங்க, போன் நம்பர மாத்தினவங்க, இவங்க ரிப்போர்ட்தான் தவறிப்போகுது. சாம்பிள் குடுக்கும்போதே எப்ப வரணும்னு கேட்டு கிளினிக் கார்டுல எழுதி வாங்குங்க, இன்னொரு ஆளோட போன் நம்பரும் குடுங்க. சொன்ன நாள் தாண்டினா நீங்களே போய் கேளுங்க. வந்த ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கும், சொல்றவங்க சிங்களத்துல சொல்லுவாங்க, வெளங்கலன்னா தலையாட்டிட்டு வராதீங்க, தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸ கூப்பிட சொல்லுங்க, மூனே விஷயத்த கேளுங்க: எது பாசிட்டிவ், அடுத்த டெஸ்ட் என்ன, எந்த தேதிக்கு.

புள்ளத்தாச்சியா இருக்கும்போது பாசிட்டிவ்னு தெரிஞ்சா புள்ளைக்கு ஆபத்தா?

பெரும்பாலும் ஒன்னும் ஆகாது, இதுக்காக மட்டும் சிசேரியன் செய்றதும் இல்ல. மேல் சோதனையையும் சிகிச்சையையும் எப்ப செய்றதுன்னு டொக்டர் முடிவெடுப்பாரு, பெரும்பாலும் புள்ள பொறந்தப்புறம்தான்.

கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க, இனி டெஸ்ட் வேணுமா?

எதுக்காக எடுத்தாங்கங்குறத பொறுத்து. கட்டி, கூடுதலா ரத்தம் போறது மாதிரி காரணத்துக்காக கழுத்தோட சேத்து முழுசா எடுத்திருந்தா பொதுவா தேவையில்ல. கழுத்த விட்டுட்டு மேல் பகுதிய மட்டும் எடுத்திருந்தா மத்தவங்க மாதிரியே டெஸ்ட் எடுக்கணும். கேன்சருக்கு முந்துன மாத்தம் இருந்ததால எடுத்திருந்தா அதுக்கப்புறமும் தொடர்ந்து பாக்கணும். எது நடந்துச்சின்னு ஞாபகம் இல்லன்னா ஆஸ்பத்திரியில குடுத்த டயக்னோசிஸ் கார்டுல எழுதியிருக்கும், அத தேடி எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கு போங்க.